நேரக்கணக்கில் ஓட்டும் டிஸ்க் சோதனையில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வருகிறது. எதை நம்புவது?

பயறுக்கிடங்கு | ரங்கூன்

வணக்கம். பயின்னவுங் சந்தைப் பக்கம் உளுந்தும் துவரையும் ஏற்றுமதி செய்யும் ஒரு கடையில் கணினி வேலை முழுவதும் என் தலையில்தான் இருக்கிறது. பில் பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், டேட்டாபேஸ் படுத்துவிட்டாலும் என்னைத்தான்.

பழைய சர்வரில் நிமிடத்துக்கு 10,000 சுற்று வேக எஸ்ஏஎஸ் (சர்வர் வகை) டிஸ்க்குகள் ஆறு, ரெய்டு 5 ஆக (ஒன்று கெட்டாலும் தரவு போகாதபடி ஒன்றாகச் சேர்த்து) கட்டியிருக்கின்றன. அவற்றை நடத்தும் கன்ட்ரோலரில் 2 ஜிபி கேஷும் (எழுத்தைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் மெமரி) அதற்கு ஒரு பேட்டரியும் உண்டு. அறுவடைக் காலத்தில் பில் போடும் திரை உறைந்து நிற்பதால், எஸ்எஸ்டி (சுழலாத ஃபிளாஷ் டிஸ்க்) வாங்கலாமா என்று முதலாளி கேட்கிறார். சூலே பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றை, சோதித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தால் போதும் என்று தந்திருக்கிறார். வீட்டுக் கணினிக்குப் போடும் சாதாரண டிஎல்சி வகை (ஒரு செல்லில் மூன்று பிட்). சர்வருக்கென்றே செய்த எஸ்எஸ்டி வேண்டுமானால் சிங்கப்பூரிலிருந்து வரவழைக்க வேண்டும். அதன் விலையைச் சொன்னபோது முதலாளி வாயிலிருந்த வெற்றிலையை மெல்வதையே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

ஃபியோ என்ற டிஸ்க் சோதனைக் கருவியை வைத்து இரண்டையும் அளந்து பார்க்கிறேன். எங்களுக்கு மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. ஜெனரேட்டரில் சோதனை ஓட்டினால் டீசல் கணக்குக்கு நான் பதில் சொல்ல வேண்டும். "இவ்வளவு ஜிபி எழுதி முடி" என்று விட்டால் எப்போது முடியும் என்று தெரியாது. ஆகவே டைம்_பேஸ்டு போட்டு, ரன்டைம்=300 என்று ஐந்து நிமிடம் ஓட்டுகிறேன். மற்றவை: ரேண்ட்ரைட் (சிதறி எழுதுவது), 8 கே பிளாக், டைரக்ட்=1 (லினக்ஸின் கேஷைத் தவிர்க்க), லிப்ஏஐஓ, ஐஓடெப்த்=16 (ஒரே நேரத்தில் 16 வேலை வரிசையில்), சைஸ்=1ஜி.

பழைய சர்வரில் ஒரு நேரம் 9,000 ஐஆப்ஸ் (நொடிக்கு இத்தனை ஐஓ, அதாவது படிக்கும் அல்லது எழுதும் வேலை) வருகிறது. இன்னொரு நாள் காலையில் அதே கோப்பு, அதே கட்டளை, 400 வருகிறது! எஸ்எஸ்டியில் எப்போது ஓட்டினாலும் 60,000-க்குக் குறைவதில்லை. ரன்டைமை அரைமணி நேரமாக்கினால் எண் நிலைக்குமா? ராம்ப்_டைம் (கணக்கில் சேராமல் முதலில் ஓடவிடும் நேரம்) போட வேண்டுமா? முதலாளிக்கு ஒரே ஒரு எண் சொன்னால்தான் புரியும்.

பழைய ஸ்பிண்டில் | ரங்கூன்

தம்பி, நேரத்தைக் கூட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பெருக்கிப் பாருங்கள்.

9,000 ஐஆப்ஸ், 8 கே பிளாக் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 70 எம்பி. 300 நொடியில் 20 ஜிபிக்கு மேல். உங்கள் கோப்போ 1 ஜிபி. அந்த ஒரே ஜிபியை இருபது தடவை மேலே மேலே எழுதியிருக்கிறீர்கள். 400 ஐஆப்ஸ் வந்த காலையில் என்ன நடந்தது? நொடிக்கு 3 எம்பி சொச்சம், 300 நொடியில் 940 எம்பி. கோப்பு ஒரு தடவைகூட முழுதாக எழுதப்படவில்லை. இரண்டு நாளும் கட்டளை ஒன்றுதான், ஆனால் டிஸ்க்குக்குக் கொடுத்த வேலை ஒன்றல்ல. டைம்_பேஸ்டு செய்வது இதைத்தான்: சைஸில் சொன்ன பரப்பு தீர்ந்துபோனாலும் நிற்காமல், நேரம் முடியும்வரை அதே பரப்பில் திரும்பத் திரும்ப ஓடும். அதைப் போடாமல் ரன்டைம் மட்டும் கொடுத்தால் பரப்பு, நேரம் இரண்டில் எது முதலில் தீர்கிறதோ அங்கே நின்றுவிடும். ஆகவே நேரக்கணக்கு ஓட்டத்தில் சைஸ் என்பது எவ்வளவு எழுத வேண்டும் என்பதல்ல, எவ்வளவு பரப்பில் எழுத வேண்டும் என்பது. பலர் அதை ஒப்புக்கு ஒரு ஜிபி என்று போட்டுவிடுகிறார்கள்.

1 ஜிபி பரப்பு உங்கள் 2 ஜிபி கேஷுக்குள் அடங்கிவிடும். 9,000 என்பது கன்ட்ரோலர் மெமரியின் வேகம், டிஸ்க்கின் வேகமல்ல. அரைமணி ஓட்டினாலும் அதே மெமரியைத்தான் அரைமணி அளப்பீர்கள்.

டிஸ்க்கின் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். 10,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 6 மில்லிநொடி, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு 3. தலை நகர ஒரு 4 வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் ஒன்றுக்கு நொடிக்குச் சுமார் 140 வேலை, ஆறுக்கு 840. ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்துக்கு நான்கு டிஸ்க் வேலை: பழைய தரவைப் படி, பழைய பாரிட்டியை (டிஸ்க் கெட்டால் தரவை மீட்க வைக்கும் கூடுதல் கணக்கு) படி, இரண்டையும் திருப்பி எழுது. நான்கால் வகுத்தால் 210. டிஸ்க் முழுவதும் சிதறி எழுதினால் அந்தப் பக்கத்தில்தான் வர வேண்டும். 1 ஜிபிக்குள் தலை அதிகம் நகர வேண்டாம் என்பதால் உங்களுக்கு 400 கிடைத்திருக்கிறது.

எஸ்எஸ்டியின் 60,000-மும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. டிஎல்சி எஸ்எஸ்டி முதலில் எஸ்எல்சி முறையில் (செல்லுக்கு ஒரே பிட்) ஒதுக்கிய இடத்தில் வேகமாக எழுதிவிட்டு, பிறகு ஓய்வில் டிஎல்சிக்கு நகர்த்தும். ஒரே ஜிபியைத் திரும்பத் திரும்ப எழுதினால் முந்தைய பிரதிகள் செல்லாதவை ஆகிவிடுகின்றன. நகர்த்துவதற்குத் தரவே மிஞ்சாது, அழித்துவிட்டு அடுத்ததை எழுதலாம். அந்த டிஸ்க்கைச் சோதித்தீர்கள் என்று சொல்வதற்கே இடமில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி, கேஷ் வைத்த டிஸ்க்குக்குச் சரிவராது.

உங்கள் டேட்டாபேஸ் எத்தனை ஜிபி? அதைவிடச் சற்றுப் பெரிதாகச் சைஸ் வையுங்கள். அந்தப் பரப்பு முழுவதும் எழுதி முடிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சிதறல் அந்த அகலத்துக்கு இருந்தால் போதும். கூடவே ஓவர்ரைட்=1 போடுங்கள். வெறும் எழுத்துச் சோதனைக்கு ஃபியோ கோப்பை முன்கூட்டியே நிரப்புவதில்லை, இடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு ஓடத் தொடங்கும். அப்போது முதல் தடவை தொடும் ஒவ்வொரு பிளாக்குக்கும் கோப்பு முறைமையின் கணக்கெழுதும் வேலையும் உங்கள் எண்ணில் சேர்ந்துவிடும். கோப்பை நிரப்ப நேரமாகும். கிரியேட்_ஒன்லி=1 போட்டு அதை முந்தைய மின்சார முறையிலேயே முடித்துவையுங்கள்.

வீடியோக்காரி | மோல்மேன்

ஸ்பிண்டில் அண்ணன் பரப்பைப் பிடித்துவிட்டார். ஆனால் 9,000 ஏன் 400 ஆயிற்று என்பதற்கு அதில் பதில் இல்லையே? பரப்பு இரண்டு நாளும் 1 ஜிபிதான், கேஷும் அதே 2 ஜிபிதான்.

எனக்கு உறுத்துவது அந்தக் "காலையில்" என்ற சொல். தம்பி, முந்தைய இரவு சர்வரை நிறுத்தி வைத்திருந்தீர்களா? கன்ட்ரோலர் பேட்டரி பழசாகியிருந்தால், நீண்ட நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்து எழும்போது சார்ஜ் குறைந்திருக்கும். போதிய சார்ஜ் ஏறும்வரை கன்ட்ரோலர் எழுத்தைக் கேஷில் வாங்கிக்கொண்டு உடனே "ஆயிற்று" என்று சொல்லாது. ரைட்-த்ரூ முறைக்கு மாறி, டிஸ்க்கில் இறங்கிய பிறகுதான் சொல்லும். தரவுக்கு அது பாதுகாப்பு, சோதனைக்கு அது வேறொரு இயந்திரம். கன்ட்ரோலரின் கட்டளைக் கருவியில் வால்யூமின் கேஷ் முறையைப் பாருங்கள். வைத்திருக்கும் முறை, இப்போது நடப்பில் உள்ள முறை என்று இரண்டு வரி காட்டும். முதல் வரி ரைட்-பேக் (கேஷில் வாங்கியதுமே "ஆயிற்று" என்பது) என்றும் இரண்டாவது ரைட்-த்ரூ என்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்தப் பேட்டரிகள் அவ்வப்போது தம்மைத் தாமே இறக்கி ஏற்றிப் பார்த்துக்கொள்ளும் நேரத்திலும் இதே கூத்துதான். கல்யாண சீசனில் எங்கள் ஸ்டுடியோவின் பழைய சர்வர் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. வீடியோ கோப்புகள் காலையில் மட்டும் ஊர்ந்தன. நெட்வொர்க் கேபிளையெல்லாம் மாற்றிய பிறகுதான் யாரோ ஒருவர் பேட்டரியைக் கேட்டார்.

இன்னொன்று. முதலாளிக்கு ஒரே எண் போதும், உங்களுக்குப் போதாது. ரைட்_ஐஆப்ஸ்_லாக், ரைட்_லாட்_லாக் இரண்டையும் போட்டு, லாக்_ஏவ்ஜி_எம்செக்=1000 கொடுங்கள். நொடிக்கு ஒரு வரி விழும். அந்த மூன்றாவதைக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு ஐஓவுக்கும் ஒரு வரி எழுதி லாக் கோப்பே பூதமாக வளரும். வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். சமதளமாக ஓடியதா, நடுவில் படி ஏறியதா, சரிந்ததா என்று கண்ணுக்கே தெரியும். சராசரி 4,000 என்று வந்தால் அது 4,000-த்திலேயே ஓடிய டிஸ்க்காகவும் இருக்கலாம், பாதி நேரம் 400-லும் பாதி நேரம் 7,600-லும் ஓடிய டிஸ்க்காகவும் இருக்கலாம்.

அந்த லாக்கில் நேரம் சோதனை தொடங்கியதிலிருந்து மில்லிநொடியில் இருக்கும். லாக்_யூனிக்ஸ்_ஈபாக்=1 போட்டால் கடிகார நேரமாகவே விழும், யுபிஎஸ் லாக்கோடும் கன்ட்ரோலர் லாக்கோடும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நமக்கு ஆறரை மணி நேரம் கூட்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள். அந்த அரைமணியை விட்டுவிட்டு, மின்வெட்டுக்கும் சரிவுக்கும் சம்பந்தமே இல்லை என்று சாதித்தவர்களை எனக்குத் தெரியும்.

பயறுக்கிடங்கு | ரங்கூன்

அக்கா, பேட்டரியேதான். ராத்திரியில் மின்சாரம் இல்லாத முறை என்றால் நிறுத்திவிட்டுத்தான் போவோம். இன்று காலை எழுப்பியவுடன் பார்த்தேன், நீங்கள் சொன்ன இரண்டு வரியும் இரண்டு விதமாக இருந்தன. அப்படியே விட்டு நீளமாக ஓட்டினேன். லாக்கை வரைந்தால் தரையோடு தரையாக ஒரு கோடு போய், ஓரிடத்தில் சுவர் மாதிரி நிமிர்கிறது. கன்ட்ரோலர் லாக்கில் "பேட்டரி சார்ஜ் முடிந்தது" என்ற வரி அதே நிமிடத்தில் இருக்கிறது (ஆறரையைக் கூட்டிய பிறகுதான்).

டேட்டாபேஸ் 90 ஜிபி. சைஸ்=100ஜி, ஓவர்ரைட்=1 வைத்து, பேட்டரி நிறைந்த பிறகு ஓட்டியபோது பழைய சர்வர் முதலில் சில நொடி துள்ளிவிட்டு, கேஷ் நிரம்பியதும் 250 பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஸ்பிண்டில் அண்ணன் காகிதத்தில் போட்ட கணக்கை முதலாளியிடம் காட்டினேன். ஆறு டிஸ்க் வாங்கி ஒன்றரை டிஸ்க் வேலைதான் கிடைக்கிறதா என்று கேட்டார். வியாபாரிக்கு வகுத்தல் கணக்கு உடனே ஏறிவிடுகிறது.

எஸ்எஸ்டியில் 100 ஜிபி பரப்பில் முதலில் அதே 60,000. பிறகு சரியத் தொடங்கிச் சில ஆயிரத்துக்கு இறங்குகிறது, அங்கிருந்து மேலும் கீழுமாக ஆடுகிறது. இப்போது ராம்ப்_டைம் எவ்வளவு வைப்பது என்று குழப்பம். சிறிதாக வைத்தால் துள்ளலும் சேர்ந்துவிடுகிறது. பெரிதாக வைத்தால் மின்சார நேரம் அதிலேயே கரைகிறது, ஏனென்றால் அது ரன்டைமுக்கு மேல் கூடுதலாகத்தான் ஓடுகிறது.

கட்டளைவரி | மண்டலே

ராம்ப்_டைமை ஊகித்து வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. இரண்டு நிமிடம் என்று எழுதுகிறோம், டிஸ்க் அதற்குள் நிலைக்கு வந்ததா என்று யார் பார்த்தது? எஸ்என்ஐஏ என்ற ஸ்டோரேஜ் துறை அமைப்பு எஸ்எஸ்டி சோதனைக்கென்று வகுத்திருக்கும் முறையில் நேரத்துக்கு முன்னால் நிலைதான் வருகிறது. முதலில் டிஸ்க்கை அழித்துப் புதிதாக்கு, பிறகு அதன் முழுக் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு 128 கே பிளாக்கில் வரிசையாக எழுது, பிறகு சோதனைக்குரிய வேலையைச் சுற்றுச் சுற்றாக ஓட்டு. கடைசி ஐந்து சுற்றுகளின் ஏற்ற இறக்கம் சராசரியில் 20 சதவீதத்துக்குள்ளும், அவற்றின் போக்குக் கோட்டின் சரிவு 10 சதவீதத்துக்குள்ளும் அடங்கினால்தான் அந்த எண் செல்லும்.

ஃபியோவிலும் இதற்கு வழி இருக்கிறது. ஸ்டெடிஸ்டேட்=ஐஆப்ஸ்_ஸ்லோப்:0.3% என்பதுபோல் கொடுத்து, ஸ்டெடிஸ்டேட்_டியூரேஷனில் எத்தனை நொடி ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால், சரிவு அந்த அளவுக்குள் வந்தவுடன் தானே நிறுத்திவிடும். வராவிட்டால் ரன்டைம் வரை ஓடும். மின்சார முறைக்கு இது தோதானது: ரன்டைமை உங்களுக்குக் கிடைக்கும் அதிகபட்ச நேரமாக வைத்துவிடுங்கள், நிலைக்கு வந்தால் முன்னதாகவே முடியும். வராமல் ரன்டைமில் நின்றால் அந்த எண்ணை முதலாளியிடம் காட்டாதீர்கள். 0.3 என்பது ஆடுகிற சாதா எஸ்எஸ்டிக்கு மிகக் கண்டிப்பு. ஜன்னலை நீட்டுங்கள், இல்லாவிட்டால் அளவைத் தளர்த்துங்கள்.

யாரும் ரேண்ட்ரிபீட்டைச் சொல்லவில்லை. அது இயல்பாகவே இயங்கும் நிலையில்தான் இருக்கிறது, அதாவது ஒவ்வொரு ஓட்டத்திலும் ரேண்டம் எண்கள் அதே விதையிலிருந்து அதே வரிசையில் வரும். இரண்டு இயந்திரங்களை ஒப்பிட அது நல்லது. ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்து ஓட்டினால் ஆபத்து, அதிலும் படிக்கும் சோதனையில். 100 ஜிபி பரப்பில் ஐந்து நிமிடத்தில் தொட்டது இரண்டு மூன்று ஜிபிதான் என்றால், இரண்டாவது ஓட்டம் மிகச் சரியாக அதே இரண்டு மூன்று ஜிபியை அதே வரிசையில் கேட்கும். அதெல்லாம் ஸ்டோரேஜின் மெமரியில் தயாராக உட்கார்ந்திருக்கும். இங்கே ஓர் அலுவலகத்தின் நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியாகக் கோப்பு வைக்கும் ஸ்டோரேஜ்) இப்படித்தான் "சூடேறினால் பத்து மடங்கு வேகம்" என்று ஒரு விற்பனையாளர் செய்து காட்டினார். ரேண்ட்ரிபீட்=0 என்று மாற்றி ஓட்டியதும் சூடு ஆறிவிட்டது.

ஒரே ஓட்டத்துக்குள் பரப்பு தீர்ந்து மறுசுற்று தொடங்கும்போது பிளாக் வரிசை புதிதாக வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், குறிப்பாக ரேண்டம்_ஜெனரேட்டரை எல்எஃப்எஸ்ஆர் (ரேண்டம் எண் உண்டாக்கும் இன்னொரு முறை) என்று மாற்றியிருந்தால். லாக்_ஆஃப்செட்=1 போட்டுச் சராசரி எடுக்காமல் கொஞ்ச நேரம் ஓட்டினால் ஒவ்வொரு ஐஓவும் எந்த இடத்தில் விழுந்தது என்று லாக்கில் இருக்கும். முதல் சுற்றின் ஆரம்ப வரிகளையும் இரண்டாவது சுற்றின் ஆரம்ப வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழைய ஸ்பிண்டில் | ரங்கூன்

மண்டலேக்காரர் சொன்ன எல்லாம் சரி, ஆனால் உளுந்துக் கடைக்கு எஸ்என்ஐஏ முறை முழுவதும் வேண்டுமா என்று எனக்குச் சந்தேகம். அது டிஸ்க்கோடு டிஸ்க்கை ஒப்பிட. தம்பியின் முதலாளி கேட்பது வேறு: அறுவடைக் காலத்தில் பில் திரை உறையுமா, உறையாதா?

அதற்கு உச்சவேகம் அளக்க வேண்டியதில்லை. நெரிசலான நாளில் உங்கள் டேட்டாபேஸ் நொடிக்கு எத்தனை ஐஓ கேட்கிறது என்று ஐஓஸ்டாட்டில் (டிஸ்க் வேலையைக் காட்டும் லினக்ஸ் கருவி) பாருங்கள். முந்நூறு என்று வைத்துக்கொள்வோம். ரேட்_ஐஆப்ஸ்=300 கொடுத்து அந்த வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். ரேட்_பிராசஸ்=பாய்சான் என்றும் கொடுத்தால் வேலைகள் சீரான இடைவெளியில் வராமல், வாடிக்கையாளர் வருவதுபோல் கூட்டமாகவும் வெறிச்சென்றும் வரும். பிறகு ஐஆப்ஸைப் பார்க்காதீர்கள், அது 300 என்றுதான் காட்டும். தாமதத்தின் 99, 99.9 சதவீத வரிகளைப் பாருங்கள் (99 என்றால் நூற்றில் 99 வேலை அந்த நேரத்துக்குள் முடிந்தது என்று பொருள்). உங்கள் ரெய்டு 5-ஆல் 250-தான் முடியும் என்றால் அந்த 300-ஐக்கூட எட்டாமல் தாமதம் நொடிக்கணக்கில் போவதையும் காண்பீர்கள். திரை உறைவது அதுதான். நேரக்கணக்கு ஓட்டத்துக்கு உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது: சீரான சுமையை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, எஸ்எஸ்டி உள்ளே துப்புரவு வேலையில் இறங்கும்போது தாமதம் எவ்வளவு எகிறுகிறது என்று பார்ப்பது.

கடைசியாக ஒரு சோதனை, அதுதான் உங்கள் ஊர் மின்சாரத்துக்கு முக்கியம். ஐஓடெப்த்=1, எஃப்டேட்டாசிங்க்=1 (ஒவ்வொரு எழுத்துக்கும் பின் அது பத்திரமாக இறங்கியதா என்று உறுதி கேட்பது) வைத்துப் பத்து நிமிடம். டேட்டாபேஸ் ஒவ்வொரு பில்லையும் உறுதிசெய்யும்போது இதைத்தான் செய்கிறது. மின்வெட்டுக் கப்பாசிட்டர் (மின்சாரம் போனாலும் மெமரியில் உள்ளதை எழுதி முடிக்கச் சக்தி தருவது) வைத்த சர்வர் எஸ்எஸ்டி தன் மெமரியில் வாங்கியதுமே உறுதி சொல்லலாம். கப்பாசிட்டர் இல்லாதது ஃபிளாஷில் எழுதி முடித்துத்தான் சொல்ல வேண்டும். ஃபியோ முடிவில் சிங்க் தாமதம் தனிப் பகுதியாகவே வரும்.

பயறுக்கிடங்கு | ரங்கூன்

ஐஓஸ்டாட்டில் நெரிசல் நேரம் 320 வருகிறது. ரெய்டு 5-க்கு அதைக் கொடுத்து ஓட்டியபோது 99 சதவீதத் தாமதமே ஒரு நொடியைத் தாண்டிப் போனது. சாதா எஸ்எஸ்டி அதே 320-ஐ ஒரு மணி நேரமும் அலட்டாமல் சுமந்தது. சரிந்துபோய் நின்ற சில ஆயிரத்திலேயே எங்கள் தேவையைப்போல் பல மடங்கு இருக்கிறது.

எஃப்டேட்டாசிங்க் ஓட்டத்தில்தான் அது முகம் மாறியது. ஒவ்வொரு உறுதிக்கும் சில மில்லிநொடி, நடுநடுவே பெரிய தாவல்கள். பில் போடுபவருக்கு அது தெரியாது என்றாலும், மின்சாரம் போகும் நேரத்தில் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. முதலாளியிடம் ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டு வரைபடம் கொண்டுபோனேன். சமதளமாக ஓடியதையும் தாவியதையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சிங்கப்பூர் விலையை மறுபடி கேட்கச் சொல்லியிருக்கிறார், கப்பாசிட்டர் உள்ளதில் சிறிய கொள்ளளவாக. 480 ஜிபி வகையில் இரண்டு வாங்கி ரெய்டு 1 (ஒரே தரவு இரண்டிலும்) போடலாம் என்று நினைக்கிறேன். மண்டலே அண்ணா, பழைய கன்ட்ரோலரின் பின்னால் எஸ்எஸ்டி போட்டால் ட்ரிம் கட்டளை (எந்த இடம் காலியாகிவிட்டது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) உள்ளே போகுமா?

கட்டளைவரி | மண்டலே

பழைய ரெய்டு கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் ட்ரிம்மைக் கடத்துவதில்லை. எல்எஸ்பிளாக் கட்டளையை -டி (பெரிய எழுத்து D) சேர்த்துக் கொடுங்கள், டிஸ்கார்டு பத்தியில் பூஜ்யம் காட்டினால் போகாது என்று பொருள். கன்ட்ரோலரை ரெய்டு இல்லாத முறைக்கு மாற்ற முடிந்தால் மாற்றி, லினக்ஸின் எம்டி (மென்பொருள்) ரெய்டு 1 போடுங்கள். அந்தப் பேட்டரித் தொல்லையும் அதோடு போய்விடும். மாற்ற முடியாவிட்டால் ஒவ்வொரு எஸ்எஸ்டியிலும் ஐந்தில் ஒரு பங்கைப் பார்ட்டிஷன் போடாமல் காலியாக விட்டுவிடுங்கள். புது டிஸ்க்கில் தொடக்கத்திலேயே அப்படிச் செய்ய வேண்டும். டேட்டாபேஸை ஏற்றுவதற்கு முன்னால் அந்த 320 ஓட்டத்தை அதிலும் ஒரு தடவை ஓட்டி லாக்கை இங்கே போடுங்கள்.